நவம்பர் பட்டியலில் இரண்டு பெயர்கள்

அல்போன்சம்மா கையெழுத்துப் போட மறுத்த தாள் அரைப் பக்கம்தான். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இரண்டு பெண்கள் கையில் கத்தியுடன் ஒருவரையொருவர் மிரட்டினார்கள் என்று பிரெஞ்சில் நான்கு வரிகள். கீழே, நேரில் பார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. ஒரு கீறல் போட்டால் போதும். போட்டால் அந்த இருவருக்கும் வேலை போய்விடும்.

பிரெஞ்சு பேசும் கனடிய நகரத்தில், ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் உள்ள மரக்கறி வெட்டும் கூடம் ஒன்றில் அவர் வரிசைத் தலைவி. மன்னார் பட்டினத்தில் பிறந்தவர். வயது ஐம்பத்திரண்டு. பதினேழு வருடமாக அதே கூடம், அதே குளிர். உணவகங்களுக்குப் போகும் கோவா என்கிற முட்டைக்கோசும் கரட்டும் அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போகாது. அவருக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கத்திகள்.

அவர்களில் இருவர் பாகிஸ்தானின் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். சகீனா ஷியா, பராச்சினார் நகரத்துக்காரி. ஸர்மீனா சுன்னி, அந்த நகரத்துக்குப் போகும் சாலையோரத்துக் கிராமம் அவளுடையது. நான்கு வருடம் ஒரே பலகையில் எதிரெதிரே நின்று வெட்டினார்கள். ஒருத்தியின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மற்றவள் கேளாமலே கை விடுவாள்.

2024 இலையுதிர் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு தரப்பும் துவக்கெடுத்தன. சாலை மூடப்பட்டது. நகரத்துக்கு மாவு போகவில்லை, மருந்து போகவில்லை. வாகன வரிசை ஒன்றின் மேல் சுட்டதில் சகீனாவின் தம்பி யாவர் இறந்தான். அதற்குப் பழிவாங்க நடந்த தாக்குதலில் ஸர்மீனாவின் அண்ணன் உமர் இறந்தான். இருவருமே லீவு எடுக்கவில்லை. பலகையின் இரண்டு பக்கமும் நின்று, நிமிர்ந்து பாராமல் வெட்டினார்கள்.

துக்கத்துக்கு அல்போன்சம்மா அறிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் அவரவர் தங்கள் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், ஞாயிறு பூசையில் சுவாமியார் வாசிப்பார். அல்போன்சம்மா தன் தகப்பன், தாய், மாமன் பெயர்களுக்குக் கீழே யாவர் ஹுசைன், உமர் கான் என்று எழுதிக் கொடுத்தார். சுவாமியார் ஒரு கணம் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, மரியான் பர்னாந்துவுக்கும் சூசைப்பிள்ளைக்கும் பிறகு அந்த இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார்.

பூசையைப் பங்கு இளைஞர்கள் இணையத்தில் போடுவது அல்போன்சம்மாவின் நினைவில் வரவே இல்லை. திங்கள் காலை இடைவேளைக்கு முன்பே அந்தக் காணொளி கூடத்தில் கைமாறிவிட்டது.

சகீனா பலகையை விட்டு வந்தாள். மற்றப் பக்கத்தால் ஸர்மீனா வந்தாள். வெட்டிக்கொண்டிருந்த கத்தி இருவர் கையிலும் அப்படியே இருந்தது. கத்தியதெல்லாம் அல்போன்சம்மாவைப் பார்த்துத்தான்.

“என் தம்பியின் பெயரை அவனுக்குப் பக்கத்தில் வைக்க நீ யார்?”

“என் அண்ணனைத் தேவாலயத்தில் கூப்பிட உன்னிடம் யார் சொன்னது?”

கூரையில் இருந்த கமராவுக்குச் சத்தம் பிடிபடாது. அதில் தெரிந்தது இரண்டு முக்காடு, இரண்டு கத்தி.

மேலாளர் றெனோல்ட் யாழ்ப்பாணத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பங்குக் கோயிலில் மூன்றாம் வரிசை வாங்கில் இருப்பவன். அல்போன்சம்மாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுத் தாளை நீட்டினான்.

“அக்கா, மேலிடம் பயப்பிடுது. அவையின்ர சண்டை இஞ்ச வந்திட்டுதாம். போட்டுவிடுங்கோ.”

“ஆரோட சண்டை பிடிச்சவை?”

“தங்களுக்குள்ள.”

“இல்லைத் தம்பி. என்னோட. பிழையும் என்ர.”

“கத்தி இருந்ததோ இல்லையோ?”

“கோவா வெட்டுறவளின்ர கையில பின்னை என்ன, செபமாலையோ இருக்கும்?”

றெனோல்ட் சிரிக்கவில்லை. “அவை ஒருத்தரை ஒருத்தர் கொல்லுற ஆக்கள். உங்களுக்கேன் இந்த வில்லங்கம்? நீங்கள் போடாட்டி உங்கட வரிசைத் தலைமை போகும். பேந்து என்னைக் குறை சொல்லாதேங்கோ.”

அல்போன்சம்மா கதிரையில் இருந்தார். 1990 ஒக்டோபரில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவருக்குப் பதினெட்டு வயது. அடுத்த வீட்டு ஜெசீமா குடும்பம் பையோடு கடற்கரைக்கு நடந்தது. ஒழுங்கை முழுவதும் யன்னல்கள் சாத்தியிருந்தன. அவர் வீட்டு யன்னலும்தான்.

“அண்டைக்கு எங்களிட்ட ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லை, றெனோல்ட்,” என்றார். “கேட்டிருந்தால் போட்டிருப்பம். எல்லாரும் போட்டிருப்பம்.”

பேனாவை எடுத்தார். றெனோல்ட் மூச்சு விட்டான். அவர் தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுதினார்: ‘கேளாமல் பெயர் கொடுத்தது நான். ஏச்சு வாங்கினதும் நான். ஒருவரும் ஒருவரையும் மிரட்டவில்லை.’ அதன் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

“இதை அனுப்பு.”

“அக்கா, இது உங்களைத்தான் வெட்டும்.”

“வெட்டட்டும். எனக்கும் வெட்டத் தெரியும்.”

புதன்கிழமை பதில் வந்தது. பார்த்த சாட்சி இல்லாததால் இரு பெண்களும் வேலையில் தொடரலாம். ஒழுங்கைக் காக்கத் தவறியதற்காக வரிசைத் தலைமை வேறொருவருக்கு. தலைவியின் நீலத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்து, வெள்ளைத் தொப்பி வாங்கி, பதினொரு வருடத்துக்குப் பிறகு அல்போன்சம்மா மறுபடி பலகைக்கு வந்தார். பலகையின் தலைப்பக்கத்தில், இருவருக்கும் நடுவே இடம் இருந்தது. அங்கே நின்றார்.

முதல் கோவாவை வெட்டி முடித்தார். பிறகு அவர், இருவருக்கும் விளங்கும் பிரெஞ்சில் சொன்னார்: “கேளாமல் கொடுத்தது பிழை. இப்ப கேக்கிறன். வாற ஞாயிறும் கொடுக்கட்டா?”

“வேண்டாம்,” என்றாள் சகீனா.

“வேண்டவே வேண்டாம்,” என்றாள் ஸர்மீனா.

“சரி. கோயிலில வாசிக்க மாட்டினம். ஆனால் என்ர வாய்க்குள்ள நான் சொல்லுவன். அதைத் தடுக்க உங்களாலயும் ஏலாது, மேலிடத்தாலயும் ஏலாது.”

சகீனா கோவா ஒன்றை இரண்டாகப் பிளந்தாள். “அப்படியென்றால் தனித்தனியாகச் சொல்.”

“ஓ, தனித்தனியாக,” என்றாள் ஸர்மீனா, நிமிராமல்.

தம்பியும் அண்ணனும் இறந்த பிறகு அன்றுதான் இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

“மாட்டன்,” என்றார் அல்போன்சம்மா. “ஒண்டாத்தான் சொல்லுவன்.”

இரண்டு பக்கத்திலிருந்தும் முறைத்தார்கள். அவர் அடுத்த கோவாவை எடுத்துப் பலகையில் வைத்தார்.