யாரும் சாகக் கூடாத மண்டபம்

ஜொகூரின் உலு திராமில் உள்ள எங்கள் திருமண மண்டபத்தின் நிர்வாகக் குழு சென்ற வாரம் அவசரமாகக் கூடி, வருங்காலத் தலைமுறைகள் நினைவில் வைத்திருக்கவேண்டிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாகன நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கழுவாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. எதிர்ப்பு எழவில்லை. ஓர் உறுப்பினர் மட்டும், நாற்காலி காய்ந்த பிறகுதான் வரவேண்டுமா, ஈரத்தோடும் வரலாமா என்று விளக்கம் கேட்டார். காய்ந்த பிறகு என்று திருத்தம் சேர்க்கப்பட்டது.

தீர்மானம் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் சிங்கப்பூர் வேலை முடிந்து, ஜொகூர் பாலத்தின் நடுவில், நகராத பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலிகள் ஏன் வெளியே போகின்றன என்பது கடைசி வரியில்தான் இருந்தது. மண்டபப் பொறுப்பாளர் சரோஜா அக்கா காலமாகிவிட்டார். மெர்சிங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவர், மதியம் மீன்கறி சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

அவர் கட்டிக் காத்த மண்டபத்துக்குள் அவருக்கே இரங்கல் கூட்டம் நடத்த முடியாது. குழுவை யாரும் குறை சொல்லவேண்டாம். அது அக்கா போட்ட சட்டம். அந்தச் சட்டம் பிறந்த அன்று நான் அங்கே இருந்தேன் என்பதால் அதைப் பற்றிச் சொல்லவேண்டியது என் கடமை.

நான் பிழைப்புக்குக் கணினி விளையாட்டு செய்பவன். என் அலுவலகத்தில் ஒரு மாடி நிறைய ஆட்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஜொகூரில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் குடும்பத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பிள்ளைகள் விளையாடுவதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். விளையாட்டைச் செய்யவும் முடியும் என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மூடப்போன ஓர் அலுவலகத்தின் பழைய கணினிகள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்புக்கு இடம் தேடி அலைந்தேன். டியூஷன் என்றால் தருவோம், கேம் என்றால் தரமாட்டோம் என்றார்கள் பலர்.

சரோஜா அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளைங்க உள்ள சாப்பிடுவாங்களா?”

“இல்லக்கா.”

“அப்போ எலி வராது. எடுத்துக்குங்க. ஆனா முகூர்த்த நாள்ல ஒரு வயர்கூட என் கண்ணுல படக் கூடாது.”

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அங்கே உதிரி பாகங்களை நடத்திய அதே கண்டிப்போடு இங்கே மணமக்களை நடத்தினார். அவருடைய நிபந்தனையால் எங்கள் கல்வியாண்டு பஞ்சாங்கப்படி அமைந்தது. ஆடி முதல் பருவம், மார்கழி இரண்டாம் பருவம். மற்ற மாதங்களில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மட்டும் வகுப்பு. அடுத்த செமஸ்டர் எப்போது என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது, அது அம்மனைப் பொறுத்தது என்றேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார்.

எங்கள் மாணவர்களில் திவ்யா என்றொரு பெண். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்தவள். அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே அவளுக்கும் ஓர் இடம் காத்திருந்தது. சீருடை அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. இன்னொரு வழியும் இருந்தது. விளையாட்டு வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரி ஒன்று, முடித்த விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்து நேர்முகத்தில் தேறுபவருக்குக் கட்டணமில்லாமல் இடம் தருவதாக அறிவித்திருந்தது. ஆகவே திவ்யா ஒரு விளையாட்டை முடித்தாகவேண்டும்.

அவள் செய்தது, குழாய்கள் நிறைந்த தொழிற்சாலையில் ஓடித் தாவும் தொழிலாளியின் கதை. கால் தவறினால் அவன் ‘ஆ’ என்று அலறி விழுந்து சாவான். அந்த அலறலை அவளே குரல் கொடுத்துப் பதிவு செய்திருந்தாள், தத்ரூபமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பார்க்க வந்திருந்த நேரத்தில் அது ஒலிபெருக்கியில் கேட்டது.

அக்கா ஓடி வந்தார். “யாரு செத்தா?”

“ஹீரோதான் ஆன்ட்டி,” என்றாள் திவ்யா. “பரவால்ல, இன்னும் ரெண்டு உயிர் இருக்கு.”

“இன்னும் ரெண்டு வாட்டி வேற சாவானா? கல்யாண மண்டபத்துலயா? அங்க பாரு, மாப்பிள்ளையோட அம்மா கார்ல ஏறிட்டாங்க!”

அவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். அன்றே சட்டம் வந்தது: “என் மண்டபத்துல யாரும் சாகக் கூடாது. சாவுப் பேச்சே வரக் கூடாது. கம்ப்யூட்டருக்குள்ளயும் சாகக் கூடாது.”

நாங்கள் பேச்சுவார்த்தை நடத்தினோம். மயக்கம் போடலாமா என்று கேட்டோம். மண்டபத்தில் யாராவது மயக்கம் போட்டால் சனங்கள் பெண்ணைப் பற்றி ஏதாவது பேசும் என்றார். மறைந்துபோகலாமா என்றோம். மாப்பிள்ளை மறைந்துபோன கல்யாணம் ஒன்றை அவர் பார்த்திருக்கிறார்; அதுவும் கூடாது.

“தோத்துட்டானா, வீட்டுக்கு அனுப்புங்கலா. கம்பெனி பஸ்ஸு இருக்குல்ல?” என்று அவரே தீர்ப்பு சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “அம்மா சும்மா விடுவாளா? ஏன் சீக்கிரம் வந்தேன்னு கேக்க மாட்டா?”

அப்படித்தான் அந்த விளையாட்டு மாறியது. கால் தவறியவனைத் தொழிற்சாலைப் பேருந்து வீட்டில் கொண்டுபோய் விடும். கதவைத் திறக்கும் அம்மா காரணம் கேட்பாள். சரியான சாக்கைச் சொன்னால் மறுபடி வேலைக்கு அனுப்புவாள். மிஷின் கெட்டுப்போச்சு, ஆர்டர் இல்லை, சூப்பர்வைசர் சரியில்லை என்று மூன்று சாக்குகளை எழுதியிருந்தாள் திவ்யா. மூன்றாவதை அக்கா நீக்கச் சொன்னார். உண்மைக்குப் புறம்பானது என்பது அவர் கருத்து.

நேர்முகத்துக்கு முந்தைய ஞாயிறு பெரிய முகூர்த்தம். வேலையோ முடியவில்லை. சட்டத்தை மீறாமல் அக்கா வழி கண்டார். திவ்யாவையும் ஒரு கணினியையும் மணமகள் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வயர் யார் கண்ணிலும் படவில்லை, மணமகள் கண்ணைத் தவிர. அலங்காரம் முடிந்து சும்மா உட்கார்ந்திருந்த மணமகள், வளையல் குலுங்க விளையாடத் தொடங்கினாள். வீட்டுக்குப் போனவன் இரண்டாம் தடவை பேருந்தில் ஏற மறுக்கிறான் என்ற பிழையை அவள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் அது அகப்பட்டிருக்கவில்லை.

வெளியே ஐயர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

“எந்திரிம்மா, மாப்பிள்ளை தாலியோட நிக்கிறாரு,” என்றார் அக்கா.

“இருங்க ஆன்ட்டி, அம்மா இன்னும் கதவைத் தெறக்கல.”

“ஒங்க அம்மா மேடையில நிக்கிறாங்க. எந்திரி!”

நேர்முகத்தில் மூவர் இருந்தார்களாம். ஒருவர் விளையாடித் தோற்று, வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அம்மாவிடம் தவறான சாக்குச் சொல்லி வாசலிலேயே நின்றிருக்கிறார். மரணத்தை முற்றிலும் தவிர்க்கும் இந்த அணுகுமுறைக்கு எப்படி வந்தாய் என்று திவ்யாவிடம் கேட்டிருக்கிறார்கள். “அங்க கல்யாணம் நடக்கும் சார்,” என்றிருக்கிறாள். ஆழமான பதில் என்று குறித்துக்கொண்டார்களாம்.

இடம் கிடைத்தது. அக்கா அப்போது மெர்சிங்கில் இருந்தார். திவ்யா தொலைபேசியில் சொன்னதும், “எதுல போவே?” என்றுதான் கேட்டிருக்கிறார். கல்லூரி பாசிர் கூடாங் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டிலிருந்த ஒரே மோட்டார் சைக்கிள் அப்பாவோடு ஷிப்டுக்குப் போகிறது. கல்லூரி விலக்கியது கட்டணத்தைத்தான். விடுதிச் செலவை அல்ல. வழி பிறக்காவிட்டால் சீருடைதான்.

வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு இரங்கல் கூட்டம் நடந்தது. உள்ளே ஒரு கல்யாணம். தலைவர் அக்காவின் அருங்குணங்களை விவரித்துக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் முழங்கியது. பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் கையில் அட்சதை இருக்கிறதா என்று பார்த்தோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. அலுவலகக் கூட்டத்தில் யாராவது திரையைக் காட்டி, இந்த இடத்தில் ஆள் செத்துவிடுவான் என்று சொல்லும்போதெல்லாம், “அவனை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்?” என்று கேட்கிறேன். இதனால் என் பதவி உயர்வு விரைவுபட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கேட்பதை நிறுத்தும் எண்ணம் இல்லை.

கூட்டம் முடிந்து நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னிடம் வந்தார். பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் முனியாண்டி அண்ணன். அக்காவுக்கு அந்தக் காலத்துப் பழக்கம்.

“தம்பி, அக்கா போறதுக்கு ரெண்டு நாள் முந்தி எனக்குப் போன் பண்ணாங்க. ஒரு பொண்ணை ஏத்திக்கச் சொன்னாங்க. கம்பெனி பஸ்ஸுல வெளியாளை ஏத்த முடியாதுக்கான்னேன். அதுக்கு, ‘தோத்தவனையெல்லாம் வீட்டுல கொண்டுபோய் விடுறே, ஜெயிச்சவளைக் கொண்டுபோய் விடமாட்டியா’ன்னு ஏசிட்டு வெச்சிட்டாங்க. அலமாக், நான் எவனைக் கொண்டுபோய் விட்டேன்? ஒண்ணும் புரியல.”

கைப்பேசியில் திவ்யாவின் விளையாட்டைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். ஈர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து விளையாடினார். உடனே தோற்றார். பேருந்து வந்தது. அது போகும் வழியை உற்றுப் பார்த்தார்.

“இந்தச் சந்துல பஸ்ஸு திரும்பாது,” என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நான் மேனேஜர்கிட்டக் கேட்டுப் பாக்குறேன்,” என்று சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை முதல் காலை ஷிப்டுப் பேருந்து கல்லூரி வாசலிலும் நிற்கிறது.