வெறுங்கால் ட்ரையல்

வண்டியில் ஏறுவதற்கு முன் தைரியராஜ் செருப்பைக் கழற்றிக் கடை வாசலில் விடுகிறார். குளத்தில் இறங்கப்போகிறவரைப் போல பேன்ட்டை இரண்டு சுருட்டு சுருட்டிக்கொள்கிறார். பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கிறார்: "ஜெயமேரி! வா, ட்ரையல் போவணும்!"

அவர் மனைவி ஜெயமேரி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பக்கத்து சீட்டில் உட்காருவார். யாருடைய வண்டியானாலும் இதுதான் முறை. வேலை முடிந்த வண்டி இவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வந்தால்தான் சாவி சொந்தக்காரர் கைக்கு வரும்.

பக்கத்து டீக்கடை சிங்காரத்துக்கு இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "போய்ட்டு வாங்க மாப்ள, பொண்ணு! மறுவூட்டு விருந்து எப்ப?" என்பார். தைரியராஜ் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். அதுதான் பதில்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலையில் இருக்கிறது கடை. எங்கள் பழைய காரைச் சிதம்பரத்திலிருந்து நாங்கள் இங்கேதான் கொண்டுவருவோம். கார் தயாராகும்வரை சிங்காரத்தின் பெஞ்சில் உட்கார்ந்து தைரியராஜைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழகிப்போன பொழுது. ஐம்பதைத் தாண்டியவர். வண்டிக்கு அடியில் போய்ப் படுப்பதற்கு முன் தலையைச் சீவிக்கொள்கிற ஒரே மெக்கானிக் இவராகத்தான் இருப்பார். சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ். எந்தப் போல்ட்டைத் தொடுவதானாலும் முதலில் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிடுவார். மதியச் சாப்பாட்டில் கருவாடு இல்லையென்றால் அன்று யார் வண்டிக்கும் நல்ல வார்த்தை கிடைக்காது.

பேச்சு எப்போதும் உச்சத்தில்தான். பக்கத்தில் நிற்பவரிடமும் படகில் போகிறவரிடம் பேசுவதுபோலப் பேசுவார். சின்ன வயதில் துறைமுகத்து விசைப்படகுகளில் இன்ஜின் வேலை பார்த்தவர் என்பதால் அந்தக் குரல் என்று நான் நினைத்துக்கொண்டேன். போனைத் தொட மாட்டார். அது ஜெயமேரியிடம் இருக்கும். "போன்ல மனுசன் பொய் சொல்லுவான் மச்சான். மூஞ்சிய காட்டிப் பேசு, நோவு என்னான்னு நான் சொல்றன்" என்பார். இன்ஜினில் கோளாறு எங்கே என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைப்பார்கள். இவர் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்பார். பிறகு எடுத்துத் துடைத்துவிட்டு, "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். சரியாக இருக்கும்.

தவறு செய்ததாக அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. "நம்ம கையில தப்பு வராது. வந்தா ரோட்டு மேல வரும்." இதைச் சொல்லாமல் எந்த வண்டியையும் அவர் அனுப்பியதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் எழிலரசி தன் கரண்ட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். புவனகிரிக்காரி. கடலூரில் முட்டை ஏற்றிச் சிதம்பரத்துக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போடுகிறவள். வண்டி பிக்கப், முழுக்க பேட்டரியில் ஓடுவது. முன்சக்கரங்களின் பாரத்தைத் தாங்கும் சப்ஃப்ரேம் என்கிற இரும்புச் சட்டத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் புஷ்கள் வெடித்துப் போயிருந்தன. பிரேக் போட்டால் டொக். வேகத்தடையில் ஏறினால் டொக். சாலையெல்லாம் வேகத்தடை. முட்டைத் தட்டுகளை இறக்கும்போது அடி அட்டையில் மஞ்சள் கரு வழிந்தது.

தைரியராஜுக்கு அது முதல் கரண்ட் வண்டி. சுற்றுவட்டாரத்தில் சின்ன லோடு வண்டிகள் ஒவ்வொன்றாக பேட்டரிக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்த வண்டி நன்றாக ஓடினால் எழிலரசி வாயாலேயே அவையும் இங்கே வரும். சொதப்பினால், பெரியவருக்குக் கரண்ட் வண்டி ஒத்துவராது என்ற பேச்சு இவரைத் தாண்டி முன்னால் போய்விடும். அது அவருக்குத் தெரியும். அன்று இரண்டு தடவை தலை சீவினார்.

வேலையை அவர் சுத்தமாகத்தான் செய்தார். சீட்டுக்கு அடியில் இருந்த, பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கித் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று. உயர் மின்சாரம் போகிற ஆரஞ்சு நிறக் கேபிள்களுக்குப் பக்கத்தில் விரல்கூடப் போகவில்லை. சட்டத்தை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு கொஞ்சமாக இறக்கினார். டீசல் வண்டியாக இருந்தால் பழைய ரப்பரை நெருப்புக் காட்டி எரித்தே எடுத்திருப்பார். இதில் பேட்டரி இருக்கிறதே. ஒரு நீளப் போல்ட், ஒரு துண்டுக் குழாய், பழைய பேரிங்கின் வெளிவளையம் இவற்றை வைத்துத் தானே ஒரு கருவி செய்து, திருகித் திருகிப் பழைய புஷ்ஷை வெளியே இழுத்தார். புதியதற்கு கிரீஸ் போடாமல் சோப்புத் தண்ணீர் தடவினார். "கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிக்கும்" என்று பெஞ்சில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். கேட்காமல் என்ன, ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

கடைசியில் நான்கு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். லாரிக்கு இறுக்குவதைப் போல ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தால் இதில் மரை பிய்ந்துவிடும். அதனால் டார்க் ரெஞ்சை எடுத்தார். வேண்டிய இறுக்கம் வந்ததும் டக் என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு, போதும் என்று சொல்கிற ரெஞ்ச் அது. மல்லாந்து படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு இறுக்கினார்.

வழக்கமாக அந்த நேரத்தில் ஜெயமேரி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். மடியில் முறத்தில் கீரையோ இறாலோ இருக்கும். ஆய்ந்துகொண்டே, தன் கால் விரலால் அவர் உள்ளங்காலை அவ்வப்போது தொடுவார். சிங்காரம் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்: "நடுரோட்டுல கூச்சம் காட்டி வெளையாடுதுங்க பாரு!" அன்று ஜெயமேரி இல்லை. தங்கை மகளுக்குப் பிரசவம் என்று குறிஞ்சிப்பாடி போயிருந்தார். தைரியராஜ் தனியாகவே இறுக்கினார், தனியாகவே ட்ரையல் போனார். சாவியைக் கொடுத்து, "தப்பு வந்தா ரோட்டு மேலம்மா" என்றார்.

சில நாளில் எழிலரசி திரும்பி வந்தாள். எங்கள் காரில் ஏதோ மிச்சம் இருந்ததால் அன்றும் நான் அங்கே இருந்தேன்.

"அண்ணா, டொக்குன்னுதுண்ணா."

"எங்க?"

"முன்னாடிதான். முன்ன மாதிரியேதான்."

"அது ரோட்டு சத்தம்மா. டீசல் வண்டியில இன்ஜின் கத்திகிட்டிருக்கும், ரோடு பேசறது கேக்காது. இது ஊமை வண்டி. எல்லாம் ஜாஸ்தியாதான் கேக்கும்."

"ரோடு எனக்குத் தெரியாதாண்ணா? தெனம் போற ரோடு."

போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. தைரியராஜ் குனிந்து, போனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுலதான் ரோடு சத்தம் நல்லா கேக்குதே!" என்று கத்தினார். சிங்காரம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பேருந்துக்கு நின்றவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி ஏறும்மா, நீயே வந்து காட்டு" என்று செருப்பைக் கழற்றினார். ஜெயமேரியின் சீட்டில் எழிலரசி உட்கார்ந்தாள்.

போன இடத்தில் நடந்ததை, அன்று மாலை என்னைச் சிதம்பரத்தில் இறக்கிவிடும் வழியில் எழிலரசி சொன்னாள். முதல் வேகத்தடையில், "இப்ப கேட்டுதாண்ணா?" என்றிருக்கிறாள். "எது?" என்றாராம். இரண்டாவதிலும் அப்படியே. வெறுங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, பரீட்சை எழுதுகிறவரைப் போல இருந்தார் என்றாள். லாரியும் படகும் உடம்பெல்லாம் ஆடுகிற ஜீவன்கள். அவற்றின் குறையைக் கால் சொல்லிவிடும். இந்த வண்டியின் டொக் காதுக்கு மட்டும் வருவது. மூன்றாவது வேகத்தடை வருவதற்கு முன் எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சாதாரணக் குரலில், "அண்ணா, பின் டயர்ல காத்தே இல்ல போலருக்கு" என்றாளாம். எந்த மெக்கானிக்கும் அந்த வார்த்தைக்குக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவான். இவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இதை எழுதட்டுமா என்று பிற்பாடு ஜெயமேரியிடம் கேட்டேன். "எழுதுங்க. பேரு மட்டும் மாத்திடுங்க. எங்க கடைக்கு வர்றவங்க பொஸ்தகம் படிக்கறவங்க இல்ல" என்று சிரித்தார். மாற்றியிருக்கிறேன்.

வண்டி திரும்பி வந்து நின்றதும் சிங்காரம் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்: "என்னா மச்சான், சத்தம் இருக்குதா இல்லியா? ஒரு முடிவ சொல்லுங்கப்பா, டீ ஆறுது."

தைரியராஜ் எழிலரசியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தோன்றியது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். பேருந்துக்கு நிற்கிறவர்கள் ஏறிக் காட்டுமன்னார்கோயில் வரை அதைக் கொண்டுபோய்விடுவார்கள்.

எழிலரசி இறங்கிக் கதவைச் சாத்தினாள். "அக்கா வரட்டும்ண்ணா. அவுங்க ஒரு வாட்டி பாக்கட்டும்."

"வண்டிய அக்கா என்னாத்த பாக்கறது?" என்றார் சிங்காரம்.

"முட்டை வண்டிண்ணா. முட்டை வெரிசல் உடற சத்தம் பொம்பளைக்குத்தான் தெரியும். நீங்க டீய போடுங்க."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. தைரியராஜ் சிரிக்கவில்லை. திரும்பிப்போய்ச் சீப்பை எடுத்துத் தலை சீவினார், நெடுநேரம் சீவினார்.

மதிய பஸ்ஸில் ஜெயமேரி வந்து இறங்கினார். கையில் பிரசவ வீட்டுப் பை. புருஷன் முகத்தைப் பார்த்தார், நிற்கிற வண்டியைப் பார்த்தார். பையை முக்காலியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர்கள் திரும்பி வரும்போது நான் வண்டியின் முன்கண்ணாடி வழியே கவனித்தேன். கடைக்கு எதிரே இருக்கிற வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. ஜெயமேரியின் வலது கை அவர் முழங்காலில் இருந்தது. ஒரு விரல் மட்டும் எழுந்து ஒரு தட்டுத் தட்டியது.

தைரியராஜ் இறங்கினார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்: "இருக்குது! நம்ம கைலதான் தப்பு. போல்ட்டு முழுசா புடிக்கல."

"ரோட்டு மேல இல்லியா மச்சான்?"

"மூடிகிட்டு டீ போடுய்யா."

சர்வீஸ் பிளக் மறுபடியும் அவர் இடுப்புக்குப் போனது. சாக்பீஸ் கோடுகள் விழுந்தன. அவர் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்ததும் வெறுங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஜெயமேரி முக்காலியிலிருந்த பையைப் போனோடு வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். முதல் போல்ட்: இழுத்தவுடனே டக். ஜெயமேரியின் கால் விரல் அந்த உள்ளங்காலைத் தொட்டது. ரெஞ்ச் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போல்ட்டில் ரெஞ்சை வைத்து இழுத்ததும் தடையில்லாமல் சுற்றியது. அன்றைக்கு ரப்பர் இறுகிப் பிடித்ததையே டக் என்று எண்ணி விட்டிருக்கிறார். கால்வாசிச் சுற்றுக்குப் பிறகுதான் டக் வந்தது. தொடல். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

நான்காவதற்கு அவர் நகர்ந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. நிற்பதாக இல்லை. "குழந்தைக்கு என்னாச்சோ" என்று ஜெயமேரி எழுந்து ஓடினார். முக்காலி காலியாக இருப்பது அடியில் கிடந்தவருக்குத் தெரிய வழியில்லை. ரெஞ்ச் போல்ட்டின்மேல் ஏறிவிட்டது. இழுக்க ஆரம்பித்தார்.

எழிலரசி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்; முக்காலியில் உட்காரவில்லை. தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ரெஞ்ச் முனகியது, இன்னும் கொஞ்சம் சுற்றியது, டக் என்றது. அவள் ஆள்காட்டி விரலால் அந்தக் கறுத்த உள்ளங்காலை ஒரு தட்டுத் தட்டினாள்.

ரெஞ்ச் நின்றது. வேறு விரல் என்று அந்தக் கால் கண்டுகொண்டது. கட்டைவிரல் ஒரு கணம் விறைத்து நின்றது. பிறகு மெல்ல மடங்கி, நிமிர்ந்தது.