தட்டான் இறக்கையில் ஒரு ஊக்கு

சசிரேகாவின் இறக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எங்கள் ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. பொக்கே சுற்றுகிற கண்ணாடித்தாளை அவள் எங்களிடம்தான் சுருள் சுருளாக வாங்கிப் போவாள். திருப்புலிவனத்தில் தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, கம்பியை வளைத்து, அதன்மேல் தாளை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் காட்டுவாள். தாள் சுருங்கி விறைப்பாக நிற்கும். வெளிச்சம் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மின்னும். அசல் தட்டான் பூச்சியின் இறக்கைதான், அவள் கையைவிட நீளம், அவ்வளவே வித்தியாசம். ஆனால் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஓரம்வரை கிழிந்துவிடும். ஒட்டுப் போடவும் முடியாது.

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது அவள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போக வர கம்பெனி பஸ்ஸில் ஜப்பான்காரர்களின் அனிமே படங்களைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதில் ஒன்றில் தட்டான் இறக்கையோடு சண்டை போடுகிற ஒருத்தி வருகிறாள், அவள்மேல் இவளுக்கு உயிர். இந்த மாதிரிக் கதைகளில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கூடுகிற விழா சென்னையில் நடக்கிறது. காஸ்ப்ளே என்கிறார்கள். போட்டியும் உண்டு. பெயர் கொடுத்துவிட்டு என் கடைக்கு ஓடிவந்து சொன்னாள்.

அவளுடைய அப்பா தாமோதரன் மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விவசாயி. நல்ல மனிதர். ஆனால் மகளை ஒரு வார்த்தை கேட்போம் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. அவள் ஓவியம் படிக்க ஆசைப்பட்டாள், அவர் பி.காம். சீட் வாங்கிவிட்டு வந்து சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது அவர்கள் வருகிற அன்று காலையில்தான் அவளுக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வந்து அந்த ஆத்திரத்தையெல்லாம் என்னிடம் கொட்டுவாள். வீட்டில் வாய் திறக்க மாட்டாள்.

இறக்கையைப் பார்த்தால், "இன்னாத்துக்கு இந்தக் குப்ப?" என்பார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கே வேஷம் என்றால் பைத்தியம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தால் முதல் ஆளாகப் போய் உட்காருவார். மற்றவர்கள் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பத்து இருபது என்று நோட்டுக் குத்துவார்கள். இவர் அப்படி இல்லை. வேஷம் மனசுக்குப் பிடித்தால் மட்டும் எழுந்து போவார், சாவிக்கொத்தில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, ஆட்டக்காரரின் சட்டையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார். சில வருஷம் யாருக்குமே குத்தாமல் திரும்பியிருக்கிறார். மாமா நோட்டுக் குத்தினார் என்றால் அந்த ஆட்டக்காரருக்கு ஊரில் தனி மரியாதை.

"நைனா என் வேஷத்த மேடைல ஒருவாட்டி பாத்துடணும் தாஜு. பாத்துட்டு அப்பறமும் குப்பன்னு சொன்னா சொல்லட்டும்" என்றாள் சசி. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அழைக்க வேண்டிய வேலையே வரவில்லை. "பொம்பளப் புள்ளைங்க தனியா போவக்கூடாது" என்று அவரே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இறக்கைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, தாம்பரம் பஸ்ஸில் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம்.

அரங்கத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. படம் எடுக்கும் முன் கேளுங்கள், தொடும் முன் கேளுங்கள், நடைபாதையை அடைக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வந்தவர்கள் அந்தப் போர்டை அடைத்துக்கொண்டு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நமக்கு நல்ல நாள் இல்லை என்று.

மாமா மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சசிக்கு இறக்கையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். பத்தடி போயிருக்க மாட்டோம், ஒரு பையன் பின்னால் வந்து இறக்கையை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"கேட்டுட்டுத் தொடுப்பா" என்றேன்.

"சும்மா தொட்டுப் பாத்தேன்கா. இன்னா, ஒடஞ்சா பூட்ச்சி?"

உடைந்த பிறகு வந்து கேட்பானாம். இன்னொருவன் கேட்காமலேயே அவள் தோளில் கையைப் போட்டுப் போனை நீட்டினான். அவள் உதறிக்கொண்டு விலகினாள். "போட்டோவுக்குத்தானே இப்டி டிரெஸ் பண்ணிக்கினு வந்துகீறீங்க?" என்றான் அவன். எனக்கு வந்த கோபத்தில் பஜாரில் கற்றுக்கொண்ட வார்த்தைகளை ஒன்றுவிடாமல் கொடுத்தேன். அவன் போய்விட்டான். ஒரு கும்பல் வழியை மறித்து வாள் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இறக்கை உரசாமல் சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து போனோம்.

மூலையில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். ஒருவன் வந்து, "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். அடடா, கேட்கிறானே என்று எனக்குச் சந்தோஷம்.

"இப்ப வேணாம், சாப்ட்டுக்கினு கீறேன்" என்றாள் சசி.

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்றபடி எடுத்துக்கொண்டு போயே விட்டான். வாயில் சோறும் கண்ணில் எரிச்சலுமாக அவள் முகம் இப்போது எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ. வேண்டாம் என்றால் நகரத் தெரியாதவன் எதற்காகக் கேட்கிறான்?

எல்லாரையும் திட்டக்கூடாது. ஒரு சின்னப் பெண் நாலு முழம் தள்ளி நின்று கேட்டாள். சசி தலையாட்டிய பிறகுதான் எடுத்தாள். எடுத்ததைக் காட்டி, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பெற்றவள் நன்றாக இருக்கட்டும். அவளை மாதிரி இன்னும் ரெண்டு மூன்று பேர் இருந்திருக்கலாம், மற்ற கூட்டத்தை விரட்டியே என் தொண்டை கட்டிக்கொண்டது.

சாயங்காலம் போட்டி. மேடைப் படிக்கட்டின் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். நான் நாலு இறக்கையையும் ஒரு முறை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அல்லாவே, காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய் என்று மூச்சு விட்டேன். மேடை விளக்கின் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது, முதல் வரிசையிலிருந்த மாமா எழுந்து நின்றுவிட்டார்.

அவர் எங்களை நோக்கி வந்தார். கூத்து நடக்கிற இடத்தில் மட்டும் நான் பார்த்திருக்கிற முகம் அது. ஒரு கையில் நூறு ரூபாய் நோட்டு, மறு கையில் சாவிக்கொத்திலிருந்து கழற்றிய ஊக்கு. சசிக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. வளர்ந்த பெண்ணின் மார்பில் குத்த அவருக்குக் கூச்சம். பின்னால் போனார். நான் "மாமா, அங்க வேணாம்!" என்று கத்துவதற்குள் இறக்கையில் குத்திவிட்டார்.

சர்ரென்று ஒரு சத்தம். நடுவிலிருந்து ஓரம்வரை பிளந்து தொங்கியது.

"ஐயய்யோ, இன்னாமா இது இப்டி ஆயிடுச்சி?" என்று மாமா கையை உதறினார்.

நாள் முழுக்க ஊரான் பிள்ளைகளை விரட்டி விரட்டிக் காப்பாற்றிய இறக்கை. கிழித்தவரை ஒரு வார்த்தை சொல்ல என் நாக்கு எழவில்லை. அவர் அவளுக்குக் கொடுத்தது ஊரில் யாருக்கும் லேசில் கொடுக்காத மரியாதை. அதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடத்தான் செய்தது.

சசி திரும்பினாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நைனா?"

"நோட்டு குத்துறதுக்குக்கூட யாராச்சும் கேப்பாங்களாமா?" அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"என்னக் கேக்கணும். படிப்புக்குக் கேக்கல, மாப்ள பாக்கக் கேக்கல. இதுக்காச்சும் கேட்டிருக்கலாம்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமாவும் கேட்டதில்லை போல. அதற்குள் மைக்கில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தொங்குகிற இறக்கையும் அதில் ஆடுகிற நோட்டுமாக மேடை ஏறினாள். கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் நோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். "எங்க நைனா குத்தினாரு" என்றாள். தமாஷ் என்று நினைத்து அரங்கமே சிரித்தது. மாமா மட்டும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரிசு வேறு யாருக்கோ போனது.

வெளியே வந்து நடைபாதை ஓரமாக உட்கார்ந்தோம். சசியின் முகத்துப் பூச்சு பாதி கலைந்திருந்தது. கிழிந்த இறக்கை மடியில் கிடந்தது, நோட்டை அவள் இன்னும் கழற்றவில்லை. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே கும்பல் மொத்தத்தையும் வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வரவில்லை. அந்தச் சின்னப் பெண் நின்ற மாதிரி தள்ளியே நின்றார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, தொண்டையைக் கனைத்தார்.

"சசி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டாமா?"

பெட்டி கட்டிய கயிறு என் கையிலேயே நின்றது. சசி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம் நைனா."

ஒண்ணே ஒண்ணும்மா என்பார் என்று காத்திருந்தேன். பெற்றவன் கேட்டால் மாட்டேன் என்பாயா என்று சீறினாலும் சீறுவார்.

"சரிம்மா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாம்பரம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போனார்.

நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அவர் முதுகு திரும்பியதும் இறக்கையில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.