வியட்நாம் மொழிச் சோதனையில் வந்த விருந்தாளி

இவர், என் புருசன், செத்த பிறகு மகன் என்னை ஊரிலிருந்து லண்டனுக்கு எடுப்பித்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எட்மண்டன் வீட்டில் நான் அதிகம் பேசியதில்லை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

கீழ்வீட்டில் இருந்த வியட்நாம் பெண் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தன் மொழியைப் பிறத்தியாருக்கு எழுத்தில்லாமல், காதால் மட்டும் படிப்பிக்க முடியுமா, படித்தவர்களை எப்படிச் சோதிப்பது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்குப் பெரிதாகப் படிக்காத ஆட்களைத் தேடினாள்.

"போங்கோ மாமி," என்றாள் மருமகள். "அஞ்சாம் வகுப்புக்கு லண்டனிலை கிராக்கி வந்திருக்கு. உங்கடை சுவரை நான் பாத்துக்கொள்ளுறன்."

போனேன். அந்தப் பெண் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அதில் எனக்குச் சந்தோசமும் இல்லை, கஷ்டமும் இல்லை. கூடப் படித்தவர்கள் வேலை கிடைத்து ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நான் மட்டும். நானும் தேறாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி அத்தோடு நிற்கும் என்றார்கள்.

சோதனை பல்கலைக்கழக அறையொன்றில் நடந்தது. அவளுடைய பேராசிரியர், வயதான வெள்ளைக்காரர், விருந்தாளியாகக் கதவைத் தட்டி வந்தார். மேசையில் கேத்திலும் கோப்பையும் இருந்தன. நான் தேத்தண்ணீர் ஊற்றுவதுபோலச் செய்து, கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். அவர் காத்திருந்தார். பேச்சைப் பதிகிற ரேப் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமா என்று நான் கேட்டால்தான் புள்ளியாம். நான் கேட்கவில்லை.

"ஏன் மாமி வாயைத் திறக்கேல்லை? அந்தப் பிள்ளை கீழை அழுதுகொண்டிருக்கு," என்றாள் மருமகள், நான் வீட்டுக்கு வந்ததும்.

"வந்த மனிசனிட்டைத் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேக்கிறதே? கேட்டால் வேண்டாம் எண்டுதானே சொல்லுவார்."

"அவர் வேண்டாம் எண்டு சொல்லத்தான் மாமி கேள்வியே!"

"அப்ப என்னத்துக்குக் கேக்கிறது?"

"மார்க்குக்கு. அவளின்ரை ஆக்களும் கேக்கிறேல்லையாம். புரொபெசர் அப்பிடித்தான் போட்டிருக்கிறார், என்ன செய்யிறது? அங்கை வீடும் பொய், தேத்தண்ணியும் பொய், விருந்தாளியும் பொய்."

"மனிசன் உண்மைதானே."

மருமகள் ஷிப்டுக்கு வெளிக்கிட்டாள்.

இவர் செத்த அன்று அயலட்டையில் யாரோ என் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணீரைத் தந்தார்கள். வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். குடித்தேன்.

வியட்நாம் பெண் கெஞ்சிக் கேட்டதில் எனக்கு இன்னொரு தடவை சோதனை வைத்தார்கள். பேராசிரியர் மறுபடி கதவைத் தட்டினார். இருக்கச் சொன்னேன். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவளுடைய மொழியில் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். சரி என்றேன். அவர் சிரித்துக்கொண்டு ஏதோ எழுதினார், எழும்பிப் போனார்.

நான் தேறிவிட்டேன் என்று பஸ்ஸில் அவள் சந்தோசத்தில் அழுதாள். நான் அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த மனிதர் ஒன்றும் குடிக்காமல் போய்விட்டார்.