திருத்தி அனுப்பிய அனுதாபம்

துறைமுகத்துக்கு வரும் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் ஆபீசில் யாரும் புதிதாக மெயில் எழுதுவதில்லை. பழைய மெயில் ஒன்றைத் திறந்து, கப்பல் பெயரையும் கண்டெய்னர் நம்பரையும் மாற்றி அனுப்பிவிடுவோம். துறைமுக வேலை ஓடுகிற ஓட்டத்தில் உட்கார்ந்து வாக்கியம் அமைக்க யாருக்கு நேரம்? நானும் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் ஒப்பேற்றி வந்தேன்.

வம்பும் அங்கேதான் இருந்தது. பழைய மெயிலில் ஒரு கண்டெய்னர் வந்திருக்கும். அதை மூன்று என்று மாற்றுவேன். பின்னால் இருக்கும் 'ஹேஸ்', 'ஹேவ்' ஆகாமல் அப்படியே கிடக்கும். மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர். ஒருநாள் நான் கொழும்புக்கு அனுப்பிய மெயிலைப் பெரிய திரையில் போட்டு, எல்லோர் முன்னாலும், "அண்ணாச்சி, மூணு வந்தாலும் ஹேஸ்தானா?" என்றார். ஆபீசே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய், நிலக்கரி லாரிகள் கிளப்புகிற தூசியில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து மகளின் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். நம் பேச்சில் ஒரு லாரி வந்தாலும் 'வந்துட்டு', பத்து லாரி வந்தாலும் 'வந்துட்டு'. ஆட்கள் என்றால் மட்டும் வாரான், வாரா, வாராவ என்று மரியாதை வரைக்கும் சொல்லின் வால் மாறும். இங்கிலீஷுக்கு மரியாதையைப் பற்றிக் கவலையே இல்லை. ஒன்றா பலவா என்பதுதான் அதற்கு முக்கியம். இது பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட அறிவிப்பு, பிஸ்கட் பாக்கெட், கோயில் நோட்டீஸ் என்று கண்ட இடத்திலெல்லாம் பிழை பிடித்தேன். மனைவிக்கு அலுத்தே போய்விட்டது.

அப்போதுதான் கொழும்பு ஆபீஸ் பெண்மணியின் அப்பா இறந்த செய்தி வந்தது. எங்கள் சரக்கை அங்கே கப்பல் மாற்றி ஏற்றுவதைப் பார்த்துக்கொள்பவர் அவர். நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. பல வருஷ மெயில் பழக்கம்தான். என் அப்பா இறந்தபோது, வேலை விஷயத்தோடு சேர்க்காமல் தனியாக எனக்கு நாலு வரி எழுதியவர். அதை வீட்டில் தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது நான் எழுத வேண்டும். பிழை வந்துவிடுமோ என்று கை ஓடவில்லை. "மனசுல உள்ளத எழுதுங்க. அவிய என்ன மார்க்கா போடப் போறாவ?" என்றாள் மனைவி. நான் கேட்டால்தானே. ஆபீஸ் புத்தி, பழைய மெயில்களில் அனுதாபம் தேடினேன். இருந்தது ஒன்றே ஒன்று, அவர் எனக்கு எழுதியது.

திறந்ததும் என் கண்ணில் பட்டது அவருடைய ஆறுதல் இல்லை. 'யுவர் ஃபாதர் ஹேவ்' என்று இருந்தது. அன்று நாங்கள் அழுத வரி அது. இப்போது அதைப் பார்த்து எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. சொல்லவே நாக்குக் கூசுகிறது. இவருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது என்கிற சந்தோஷம். ஹேவை ஹேஸ் ஆக்கினேன். இன்னொரு பிழையையும் சரிசெய்தேன். இரண்டு பேருக்கும் இறந்தது அப்பாதான் என்பதால் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ மெயில் எழுதுகிறவருக்கு இதெல்லாமா நினைவிருக்கும் என்று மேலே அவர் பெயரையும் கீழே என் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

லீவு முடிந்து வந்ததும் இங்கிலீஷில் பதில் எழுதினார். "இது உங்கள் அப்பாவுக்காக நான் யோசித்து யோசித்து எழுதியது. பிழைகளைத் திருத்தியதற்கு நன்றி." அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் கிடையாது. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆபீசே சிரித்த அன்று நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. என்ன பதில் வந்தது என்று மனைவி கேட்டாள். நன்றி சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அவர் எழுதிய அந்த இரண்டு வரியிலும் ஒரு பிழை இருந்தது. என் கண் முதலில் போனது அங்கேதான்.