மாட்டை விற்கச் சொன்னது நான்தான்

பதுளையில் ஒரு சிறிய கடன் கம்பனியில் கள உத்தியோகத்தராக இருந்தேன். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுப்பதும், கிழமைக்கு ஒருமுறை போய்த் தவணை வாங்குவதும் என் வேலை. நானும் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவன் என்பதால் ஆட்கள் என் பேச்சை நம்பினார்கள்.

ஒரு குழுவின் தலைவி கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். முதல் கடனில் கறவை மாடு வாங்கி, பால் விற்று, ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவந்தார். பணிஸ் என்கிற இனிப்பு பன் சுடுவதில் கெட்டிக்காரி. எல்ல நகரில் இரண்டு தேத்தண்ணிக் கடைக்காரர்கள் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பணிஸ் சுட விறகுப் போறணை அடுப்பு கட்டப் பெரிய கடன் வேண்டும். பழையது முடிந்தால்தான் புதியது கிடைக்கும்.

“மாட்ட வித்துக் கட்டி முடிச்சிருங்கக்கா. ரெண்டு கிழமையில பெரிய லோன் எடுத்துத் தர்றேன்” என்று யோசனை சொன்னேன்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருஷம் அது. ஒரு திங்கட்கிழமை முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டார். மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக உயர்த்தியிருந்தது. எங்கள் கம்பனி பெரிய வங்கிகளிடம் வாங்கித்தான் தோட்டங்களுக்குக் கொடுத்தது. இப்போது அவர்கள் எங்களிடம் கேட்ட வட்டி, நாங்கள் தோட்டத்து ஆட்களிடம் வாங்கும் வட்டியையே எட்டிவிட்டது.

“இனிமே புதுக் கடன் கிடையாது. வசூல மட்டும் பாருங்க. ஆட்களுக்கு இப்பவே சொல்லிராதீங்க, தெரிஞ்சா கட்ட மாட்டாங்க” என்றார்.

புதன்கிழமை குழுக் கூட்டம் முடிந்ததும் அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

“சேர், நாளைக்கு மாடு வாங்க ஆள் வருதுங்க. குடுத்துறவா?”

அந்த மாதம் என் வசூல் குறைவு. வசூல் குறைந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு இருந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“குடுங்கக்கா.”

அடுத்த கிழமை பணம் முழுவதையும் கொண்டுவந்து கட்டினார். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். “புதுசு எப்பங்க வரும்?” என்றார். “பாத்துச் சொல்றேன்” என்றேன். பிறகு அவர் போன் பண்ணியபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் போய் உண்மையைச் சொன்னேன்.

“மாடு விக்கிறதுக்கு முந்தியே தெரியுமா சேர்?”

“தெரியும்க்கா.”

அவர் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். வருஷம் முடிவதற்குள் எங்கள் கிளையும் மூடப்பட்டது. எந்த வேலை போய்விடுமென்று பயந்து வாயை மூடிக்கொண்டேனோ, அந்த வேலையும் போனது.

இப்போது வட்டி இறங்கிவிட்டது. பண்டாரவளையில் வேறொரு கம்பனியில் இருக்கிறேன். புதிய குழுக்கள் வேகமாகச் சேர்கின்றன. போன மாதம் கடன் படிவத்தோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் பேச்சைத் தொடங்கியதுமே கையை அசைத்து மறுத்தார்.

“வேணாங்க. எல்ல பேக்கரியில மா பிசையப் போறேன். நாள் சம்பளம்.”

மூத்த மகளைப் பற்றிக் கேட்டேன். ஏ.எல். என்னும் உயர்தர வகுப்புக்குக் காசு கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தி, கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். பால் காசில்தான் அவளைப் படிக்கவைத்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல், கடன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.