வரப்போகும் குழந்தைக்கு ஒரு தொப்பி

காலை பத்து மணி ஐந்து நிமிடம். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் மேசைமேல் கிடந்த பாலிதீன் உறை. உள்ளே மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய ஒரு தொப்பி. ஒரு பெரிய சாத்துக்குடிக்குத்தான் அது பொருந்தும். உறையின்மேல் நீல மையில் ஒரு படுக்கை எண் எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் எதிர் நாற்காலியில் இருந்த இளைஞரைக் கவனித்தேன்.

"வியாழக்கிழமை பக்கம் எழுதறது நீங்கதானே, மேடம்? கீழ வாட்ச்மேன் சொன்னாரு."

நான்தான். மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் தமிழ் நாளிதழின் மும்பைப் பதிப்பு நடந்துவந்தது. வியாழக்கிழமை வரும் பெண்கள் பக்கம் என் பொறுப்பு. அதில் 'ஒரு மணி நேரப் பரிசு' என்று ஒரு பகுதி. கைக்குட்டை ஓரத்துக்குக் குரோஷா பின்னல், மிஞ்சிய ரவிக்கைத் துணியில் மொபைல் பை, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கச் சுருக்குப் பை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை. வாரம் ஒன்று. எனக்குத் தைக்கவும் தெரியாது, பின்னவும் தெரியாது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்பு ஒன்றை எடுத்துத் தமிழாக்கி, இடத்துக்கு ஏற்ப வெட்டி, படத்தோடு போடுவேன். வாசகிகள் செய்து பார்த்துப் படம் அனுப்புவார்கள். செம்பூர், வடாலா, தாராவி என்று பல இடங்களிலிருந்தும் வரும்.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். இரண்டு மாதத்துக்கு முந்தைய என் பக்கம்.

"இதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லணும். எனக்கு தமிழ் பேச வரும், எழுத்து வராது. ஹிந்தி மீடியம். என் வைஃபுக்கும் வராது. அவ துணிக்கு அடியில இருந்துச்சு."

"வீட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"அம்மாவுக்குத் தெரியும். அவங்ககிட்ட இதக் காட்டினா இன்னும் ஜாஸ்தி சண்டை ஆகும்."

சண்டை என்ன என்பதை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். மனைவிக்கு ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. பிள்ளை ஆறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வார்டில் இருந்த தொப்பிகள் பெரிதாக இருந்ததால், வீட்டில் எதுவும் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். மனைவி சொன்ன இடத்திலிருந்து இவர் இந்த மஞ்சள் தொப்பியை எடுத்துப் போய்க் கொடுத்தார். அளவெடுத்தது போலப் பொருந்தியது. மறுநாள் பேரனைப் பார்க்கப் போன அவருடைய அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தொப்பியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை பிள்ளை இறந்தது. அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்: பிள்ளை பிறக்கும் முன்பே மருமகள் திருட்டுத்தனமாகத் தொப்பி பின்னி வைத்தாள், அவள் பின்னிய அளவுக்குத்தான் பிள்ளை வந்தது.

"வெள்ளிக்கிழமை அவளை ஆண்டாப் ஹில்லுல அவங்க அம்மா வீட்டுல விடணுமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அம்மா சொல்ற வரைக்கும்."

நான் முதல் வரியைப் படித்தேன். "வரப்போகும் குழந்தைக்கு உங்கள் கையாலேயே ஒரு பரிசு."

"திரும்பப் படிங்க." படித்தேன். "வரப்போகும்னா? ஆனேவாலா?"

"ஆமாம்."

"அப்ப பெறக்கறதுக்கு முன்னாடியே செய்யறதுன்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா." அவர் தரையைப் பார்த்தார். "அம்மா சொல்றது சஹி."

அந்த வரியை எழுதியது நான். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே கொண்டுவந்தேன். அங்கே பிள்ளை பிறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் பின்னித் தைத்து அடுக்கி வைப்பது வழக்கம் போலும். நம் வீடுகளில் பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழத் துணிகூட வாங்க மாட்டார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவது பழைய வேட்டித் துணி. தீட்டுக் கழிந்த பிறகுதான் புதிது. இது எனக்குத் தெரியும். பக்கம் அச்சுக்குப் போகும் முன் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் படித்தார்கள். ஒற்றுப்பிழை பார்த்தோம், படத்தின் அளவு பார்த்தோம். அந்த வரி எங்கள் மூவரையும் தாண்டிப் போனது.

அவர் கிளம்ப எழுந்தபோது ஏதோ தோன்றி உறையைத் திறந்தேன். தொப்பியின் விளிம்பைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி ஸ்டீல் ஸ்கேலில் அளந்தேன். இருபத்து நான்கு சென்டிமீட்டர். குறிப்பில் முப்பத்தைந்து என்று இருந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கணினியில் அந்த ஆங்கிலப் பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

தவறு பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. குரோஷாவில் 'டபுள்' என்று ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கர்கள் அந்தப் பெயரால் சொல்வது உயரமான கண்ணியை: நூலை முதலில் ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்ன வேண்டும். இங்கிலாந்தில் அதே பெயர் குட்டையான கண்ணிக்கு. முதலில் நூலைச் சுற்றிக்கொள்வது கிடையாது. நான் மொழிபெயர்த்தது அமெரிக்கக் குறிப்பு. சொல்லுக்கு விளக்கம் பார்த்தது அலுவலக அலமாரியில் இருந்த பழைய இங்கிலாந்துப் புத்தகம். பட்டையாகப் பின்னி இரு முனைகளையும் இணைக்கும் தொப்பி அது; என் குறிப்பின்படி பின்னினால் ஒவ்வொரு வரிசையும் குட்டையாகி, சுற்றளவு குறைந்துவிடும். நிறைமாதப் பிள்ளைக்கு அந்தத் தொப்பி நுழையவே நுழையாது. இரண்டு மாதத்தில் ஒருவரும் புகார் எழுதவில்லை. செம்பூர் வாசகி ஒருவர் மட்டும் 'என் மகளின் பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது' என்று எழுதியிருந்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பிரசுரித்திருந்தேன்.

இதை அவருக்கு விளக்கினேன். அந்தப் பெண் குறிப்பில் இருந்தபடிதான் செய்திருக்கிறாள், சிறிதாக வந்தது என்னால் என்றேன்.

"கலத், தப்பு, உங்களோடது?"

"என்னோடது."

"பேப்பர்ல போடுவீங்களா?"

"இந்த வியாழக்கிழமையே."

"பேப்பர்ல வந்தா அம்மா ஒத்துக்கணும். அவங்களுக்கு பேப்பர்ல வந்ததுதான் நிஜம்." உறையை மடித்துப் பையில் வைத்தார். "நீங்களும் ஒரு தடவை வீட்டுக்கு வந்து சொல்லிடுங்க, மேடம்."

மறுநாள் புதன்கிழமை நாலு மணிக்குத் தாராவிக்குப் போனேன். கீழே தோல் பை தைக்கும் அறை. மேலே போக இரும்பு ஏணி. ஏறினால் ஒற்றை அறை. டிவிக்குக் கீழே எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. அதன்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. உடைந்த காதுக் கம்பிக்குப் பதில் நூல் கட்டியது. மூலையில் தலையில் துண்டு கட்டி, சுவரைப் பார்த்து அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கலாம். நான் அங்கே இருந்த நேரத்தில் இரண்டு முறை அவள் நைட்டியின் முன்பக்கம் பாலில் நனைந்தது. இரண்டு முறையும் மடியில் கிடந்த இன்னொரு துண்டை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"பேப்பர்காரம்மாவா? வாங்க, உக்காருங்க," என்றார் மாமியார். "பாத்து உக்காருங்க, ஊசி கீசி கெடக்கும். இந்த வீட்டுல இப்ப ஊசிதான வெளையுது."

மகன், "அம்மா, பஸ், போதும். மேடம் ஸ்பெஷலா வந்திருக்காங்க," என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கண்ணி, சுற்று, முப்பத்தைந்து, இருபத்து நான்கு. அந்த அம்மா இடையில் பேசாமல் கேட்டார்.

"அளவு தப்புங்கிய. சரி. பெருசாப் போடச் சொல்லி எழுதியிருந்தியன்னா புள்ள பெருசா வந்திருக்குமோ?"

"தொப்பிக்கும் பிள்ளை சீக்கிரம் பிறந்ததுக்கும் சம்பந்தம் இல்லைம்மா. டாக்டர் சொல்லியிருப்பாங்களே."

"டாக்டரு ஆறு நாளும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொன்னாவ." மருமகள் பக்கம் திரும்பினார். "பெறக்கு முன்ன ஒண்ணையும் தொடாதேன்னு சொன்னா கேக்கணும்லா? பம்பாயில என்ன பனியா கொட்டுது, கம்பளித் தொப்பி! கேட்டா வாயில கொழுக்கட்டை."

அந்தப் பெண் திரும்பவில்லை. எனக்கு ஒரு விஷயம் புரியாமல் இருந்தது. அதை அவளிடமே கேட்டேன்.

"உனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு சொன்னாரு. அப்ப குறிப்பை யாரும்மா படிச்சுச் சொன்னா?"

மாமியார் எழுந்து அடுப்பின் பக்கம் போனார். அங்கே டீ ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தது.

"போன்ல பாத்தேன், மேடம்," என்றாள் அவள். "வீடியோல."

வீடியோ பார்த்துப் பின்னியிருந்தால் தொப்பி பெரிதாக வந்திருக்கும். அந்தத் தவறு எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அவள் பின்னிய இருபத்து நான்கு சென்டிமீட்டர், யாரோ என் குறிப்பை அவளுக்குச் சொல் மாறாமல் படித்துக் காட்டியதற்குச் சாட்சி. நான் டீயைக் குடித்தேன்.

மகன், "நாளைக்கு பேப்பர்ல வரட்டும், மேடம். வந்துட்டா வெள்ளிக்கிழமை எங்கயும் போக வேண்டாம்," என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மா, "வரட்டும், பாப்போம்," என்றார்.

இறங்கும்போது ஏணி வழுக்கும் என்று சொல்லி அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். கீழே தையல் மிஷின்களின் சத்தத்தில் பேசினால் மேலே கேட்காது.

"அத்தைதான் படிச்சாங்க," என்றாள்.

எப்போது என்று கேட்டேன்.

"மத்தியானம் சாப்பிட்டதுக்கப்புறம். ஒரு வரி படிப்பாங்க, நான் போடுவேன். கண்ணி எண்றதும் அவங்கதான். மஞ்சள் நூல் வாங்கினதும் அவங்கதான். மஞ்சள்னா பையனுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும்னாங்க. எட்டு நாள் ஆச்சு."

ஒரு மணி நேரம் என்று நான் எழுதியிருந்தேன்.

"அந்த முதல் வரி? வரப்போகும் குழந்தைன்னு இருந்ததே, அதைப் படிச்சாங்களா?"

"படிச்சாங்க. படிச்சுட்டுச் சிரிச்சாங்க. 'எழுதுதவளுக்குப் புள்ளகுட்டி இருக்கோ என்னமோ, ஒரு எழவும் தெரியல. நாம செஞ்சு மட்டும் வைப்போம்ட்டி, பெறந்தப்புறம் போடுவோம்'னாங்க. சின்னதா வந்ததும் பிரிச்சுப் போடுவோமான்னு கேட்டேன். 'இருக்கட்டும், அழகா இருக்கு'ன்னு அவங்கதான் எடுத்து வெச்சாங்க."

"இதை உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அம்மாவைக் கேப்பாரு. அவங்க இல்லைன்னுவாங்க. நான் இருக்க வேண்டியது அவங்களோடதானே, மேடம்."

"நான் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்." அவள் ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கணக்கு தப்புன்னு மட்டும் போடுங்க. அது போதும். நான் வேணும்னு சின்னதா செய்யலைன்னு தெரிஞ்சா போதும்."

மேலேயிருந்து மாமியார், "ஏட்டி, அங்கயே நின்னுட்டியா?" என்று குரல் கொடுத்தார். அவள் ஏறிப் போனாள்.

திருத்தத்தை அன்று மதியமே பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நான்கு வரி. 'குழந்தைத் தொப்பிக் குறிப்பில் டபுள் கண்ணிக்கான விளக்கம் தவறாக அச்சாகிவிட்டது. நூலை முதலில் ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னவும். அச்சான முறைப்படி செய்தால் தொப்பி சிறிதாக வரும். வருந்துகிறோம்.' அச்சில் நேர்ந்த தவறல்ல அது. திருத்தங்களை எங்கள் பத்திரிகையில் எழுதும் விதம் அப்படி. முதல் வரியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. வியாழக்கிழமை ஆறாம் பக்கத்தில், வலது ஓரத்தில், ஒரு ஊறுகாய் விளம்பரத்துக்கு மேலே அது வெளியானது.

சனிக்கிழமை மதியம், தாராவியில் அன்று வாங்கிவைத்திருந்த அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் செய்தேன். பின்னால் வேறு வீட்டுச் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றேன்.

"ஆண்டாப் ஹில், மேடம். நேத்து கொண்டுவந்து விட்டுட்டாரு."

"பேப்பர்ல வந்திருந்ததே."

"பேப்பர் வந்ததும் அவரு அத்தைகிட்டதான் கொடுத்தாரு, படிச்சுச் சொல்லுன்னு. அத்தை கண்ணாடி போட்டுட்டு ஒவ்வொரு பக்கமா பாத்தாங்க. ரொம்ப நேரம். நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்படி ஒண்ணும் வரலைன்னுட்டாங்க."

"அவர் பார்க்கலையா?"

"அவருக்கு எழுத்துத் தெரியாதே, மேடம். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

போனை வைத்துவிட்டு அந்த நான்கு வரிகளைப் படம் எடுத்தேன். அதையே ஹிந்தியில் சொல்லிக் குரலாகப் பதிவு செய்தேன். இரண்டையும், அலுவலகத்துக்கு வந்த அன்று அவர் கொடுத்திருந்த எண்ணுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அனுப்பும்போது மணி மூன்று இருபது. ஐந்து நாற்பதுக்கு இரண்டு குறிகளும் நீலமாயின.